உரிமம் கொடுத்த பிறகு கேட்பது மஷூரா அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. முசலியில் இருப்பவர்களும், புத்தளத்தில் இருந்துகொண்டு முசலிக் கடலை நம்பி வாழ்பவர்களும் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள்.

மன்னார்க் கடலில் எண்ணெய், எரிவாயு தேடுவதற்கு உரிமம் கொடுப்பது பற்றிய பேச்சு ஒவ்வொரு அரசாங்கத்திலும் ஒரு தடவையாவது எழும்பும். எழும்பினால் நம்மட வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதமான செய்தி ஓடும். ஒன்று, "எண்ணெய் எடுத்தா நாம துபாய் ஆகிருவோம்." மற்றது, "கடல் முழுக்க நாசம், ஒரு மீனும் மிஞ்சாது." இரண்டையும் சில நேரம் ஒரே ஆளே அனுப்புகிறார் என்பதுதான் வேடிக்கை. காலையில் துபாய், பின்னேரம் நாசம்.

எவ்வளவு எரிவாயு இருக்கிறது, எடுத்தால் இலாபமா நட்டமா என்று சொல்வது என்னுடைய படிப்புக்கு அப்பாற்பட்டது. நான் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிற ஒரு ஆசிரியன். எனக்குள்ள கேள்வி, இந்த விசயத்தில் நம்மிடம் எப்போது கேட்பார்கள், அப்போது நாம் என்ன சொல்லத் தயாராக இருக்கிறோம் என்பதுதான்.

முதலில் பழைய கதை. மன்னாரில் எண்ணெய் தேடுவது புதிது இல்லை. 1970களில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் நாட்டின் உதவியோடு பேசாலையில் கிணறு தோண்டியது. எடுக்கும் அளவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு யுத்தம். 2003 இல் பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது. 2008 இல் மன்னார்ப் படுகையில் ஒரு பகுதி கெயார்ன் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. 2011 இல் டொராடோ, பராகுடா என்று பெயர் வைத்த இரண்டு கிணறுகளில் எரிவாயு இருப்பதாக அறிவித்தார்கள். 2015 இல் அந்தக் கம்பனி விட்டுவிட்டுப் போய்விட்டது. 2021 இல் 21ஆம் இலக்கச் சட்டம் வந்து, உரிமம் கொடுக்கும் வேலைக்கென்று பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை உருவானது.

அந்த 2008 ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மட சனத்தில் பெரும்பகுதி அந்த வருடமும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் குடிசைகளிலும் அரைகுறைக் கல்வீடுகளிலும் இருந்தது. சிலாவத்துறைக் கரையில் யாருடைய வள்ளமும் நிற்கவில்லை. கடலுக்கு ஒப்பந்தம் எழுதிய நேரம், அந்தக் கடலுக்குச் சொந்தக்காரர்கள் கரையிலேயே இல்லை. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இந்த முறையும் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது விசயத்துக்கு வருவோம். எண்ணெய் தேடுவது என்றால் முதல் நாளே கிணறு தோண்டுவது இல்லை. முதலில் ஒரு கப்பல் வரும். அதன் பின்னால் பல கிலோமீற்றர் நீளத்துக்கு வயர்கள் இழுபடும். அழுத்தப்பட்ட காற்றைத் தண்ணீருக்குள் வெடி போல விட்டு, சில விநாடிக்கு ஒரு தடவை சத்தம் எழுப்பிக்கொண்டே போகும். அந்தச் சத்தம் கடலடிப் பாறையில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து, கீழே என்ன இருக்கிறது என்று படம் போடுவார்கள். இதைத்தான் நில அதிர்வு ஆய்வு என்கிறார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், இரவு பகலாக நடக்கும். அந்தக் கப்பல் நினைத்தபடி திரும்பவோ நிற்கவோ முடியாது. ஆகவே வழியில் வலை போட்டவன்தான் விலக வேண்டும்.

இந்தச் சத்தத்துக்கு மீன் என்ன செய்யும்? 1990களில் நோர்வே விஞ்ஞானிகள் பேரன்ட்ஸ் கடலில் இதைப் பரீட்சித்தார்கள். ஆய்வு நடந்த பகுதியிலும் அதைச் சுற்றிப் பல கடல் மைல் தூரத்திலும் கொட் மீன் பிடிபாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சத்தம் நின்று ஐந்து நாள் பார்த்தார்கள், அதற்குள் பழைய நிலைக்கு வரவில்லை. நோர்வே எண்ணெயில் பணக்காரனான நாடு. அந்த நாடே தன் மீனவனுக்காக இதை அளந்து பார்த்தது. நம்மட கடலில் கொட் இல்லை. பாரை, சீலா, அறக்குளா, நண்டு, இறால், கணவாய். இவற்றுக்கு என்ன ஆகும் என்பதை உரிமம் எடுக்கிற கம்பனி தன் செலவில், நம்மட ஆட்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு, முன்கூட்டியே அளந்து காட்டட்டும். இது அநியாயமான கோரிக்கையா?

தோண்டுதல் அதற்குப் பிறகுதான். 2011 இல் தோண்டிய இடங்களில் கடலின் ஆழம் ஆயிரம் மீற்றருக்கு மேல். ஆகவே "கிணறு தோண்டினால் நாளைக்கே கடற்புல் அழியும்" என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கடற்புல்லும் கடற்பசுவும் முத்துச்சிப்பிப் பாரும் இருப்பது கரைக்குக் கிட்ட, ஆழம் குறைந்த கடலில். அவற்றுக்கு ஆபத்து வேறு வழியால் வரும். எரிவாயு கிடைத்தால் அதைக் குழாய் போட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் குழாய் எந்த ஊரில் கரை ஏறும்? சாமான் ஏற்றும் கப்பல்கள் எந்தத் துறையில் கட்டும்? விபத்து நடந்தால் சோழகக் காற்று அந்த எண்ணெயை எந்தப் பக்கம் தள்ளும்? கூட்டம் என்று ஒன்று வைத்தால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. "கடலம்மா அழுகிறாள்" என்று கவிதை படித்தால் அதிகாரிகள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1980 ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988 இல் திருத்தியபோதுதான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்பது வந்தது. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது தேவை என்று 1993 இல் ஒரு வர்த்தமானி வந்தது. கடலுக்குள் நடக்கும் கனிம அகழ்வு அந்தப் பட்டியலில் உண்டு. மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும். 30 நாளைக்குள் எந்தப் பிரசையும் கருத்துச் சொல்லலாம். எழுத்தில் வந்த கருத்துகளைத் திட்டக்காரருக்கு அனுப்ப வேண்டும், அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். பொது நலனுக்குத் தேவை என்று கருதினால் நேரடி விசாரணையும் வைக்கலாம்.

இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, முழு மதிப்பீடு வேண்டாம், ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை போதும் என்று முடிவானால், 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அறிக்கைக்கு மக்களிடம் கருத்துக் கேட்பது கட்டாயமில்லை. போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். சின்னத் திட்டத்துக்கு அது சரி. கடலை ஆய்வு செய்வதற்கு அது போதுமா?

மற்ற ஓட்டை அதை விடப் பெரியது. இந்தச் சட்டம் பேசுவது திட்டத்தைப் பற்றி. அதாவது, இந்த இடத்தில் இந்தக் கம்பனி இந்தக் கிணற்றைத் தோண்டப் போகிறது என்ற கட்டத்தில்தான் நம்மட வாய் திறக்கும். அதற்கு முன்னால், மன்னார்க் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தை ஏலத்துக்கு விடுவது, எதை விடாமல் வைப்பது என்று முடிவெடுக்கும் நேரத்தில் நம்மிடம் கேட்கச் சொல்லி அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஏலம் முடிந்து, ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கம்பனி காசு செலவழித்து முடித்த பிறகு வந்து, "உங்கட கருத்து என்ன?" என்று கேட்டால் அதற்கு என்ன பெறுமதி?

நம்மட ஊரில் மஷூரா என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு விதமான மஷூரா உண்டு. ஒன்றில், பள்ளிக்குக் கட்டடம் வேண்டுமா, எங்கே கட்டலாம், காசு எப்படி என்று ஜமாஅத்தை இருத்திக் கேட்பார்கள். சண்டையும் வரும், தேத்தண்ணியும் வரும், கடைசியில் ஒரு முடிவும் வரும். மற்றதில், அத்திவாரம் வெட்டியாகிவிட்டது, மேசனுக்கு முற்பணமும் கொடுத்தாகிவிட்டது, ஜும்ஆவுக்குப் பிறகு எழும்பி "ஜமாஅத்தார் என்ன சொல்றீங்க?" என்று கேட்பார்கள். அந்த இரண்டாவதில் யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் எதற்காகக் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் விளங்கும். எண்ணெய் உரிம விசயத்தில் நாம் கேட்க வேண்டியது முதலாவது மஷூராவை. ஏலத்துக்கு முன்னால் முழுக் கடலையும் வைத்து ஒரு மதிப்பீடு. மீன் இனப்பெருக்கம் செய்யும் இடம், பார், கடற்புல், நாம் வலை போடும் இடம், பருவம், எல்லாவற்றையும் வரைபடத்தில் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஏலம். இப்படிச் செய்வதற்குப் பெயர் மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு. வட மாகாணத் தரைக்கு யுத்தத்துக்குப் பிறகு இப்படியொரு வேலையை மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் மற்றவர்களும் செய்து 2014 இல் அறிக்கையும் வந்தது. ஆகவே செய்யத் தெரியாத வேலை இல்லை.

பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். "சேர், கருத்துக் கேட்டா வேணாம் எண்டும் சொல்லலாமா, இல்லாட்டி எப்படிச் செய்றது எண்டு மட்டும்தான் சொல்லலாமா?" பாடப் புத்தகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சட்டத்தில் இருக்கிறது. அங்கீகரிக்கும் நிறுவனம் திட்டத்தை மறுக்கவும் முடியும். ஆகவே வேண்டாம் என்றும் சொல்லலாம் மகள். ஆனால் எழுத்தில், காரணத்தோடு, 30 நாளைக்குள் சொல்ல வேண்டும்.

இனி மறுபக்கத்தையும் பேசுவோம். 2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. அந்த ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. எத்தனை வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது? எத்தனை பேர் மனைவிமாரின் நகையை அடகு வைத்து எண்ணெய் அடித்தார்கள்? சொந்த எரிவாயு இருந்தால் டொலர் மிச்சம் என்று அரசாங்கம் சொன்னால், அதைச் சிரித்துத் தட்டிவிட என்னால் முடியாது. நாட்டுக்கு அது உண்மையான தேவை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். மன்னாரில் கண்டுபிடித்தது எரிவாயு. அது போகும் இடம் மின் நிலையம். நம்மட போட் மெசினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் அதில் நேரடியாக வராது. நாட்டுக்கு வரும் நன்மை கொழும்பில் மின்சாரக் கட்டணமாகத் தெரியும், அதனுடைய சுமை கரையில் தெரியும். இதற்குத் தூரப் போக வேண்டாம். நுரைச்சோலைக்குப் போங்கள். 900 மெகாவொற், நாடு முழுவதற்கும் வெளிச்சம். பக்கத்து ஊர்க்காரர்களிடம் நிலக்கரித் தூசியைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் கேளுங்கள். நுரைச்சோலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுமக்கிறவன் யார், அவனுக்கு என்ன கிடைத்தது என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் பிறகு எழுதவே மாட்டார்கள்.

இன்னொரு விசயம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம்மட ஆட்களுக்குச் "சுற்றாடல்" என்ற சொல்லே பிடிக்காது. ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளிச் சனம் இருபது வருடத்துக்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது காடு வளர்ந்திருந்தது. காட்டை வெட்டினால் வில்பத்து அழிகிறது என்று தொலைக்காட்சிகள் கத்தின. 2017 இல் மாவில்லு பேணற்காடு என்று 40,000 ஹெக்டேயருக்கு மேல் ஒரே வர்த்தமானியில் போட்டார்கள். நம்மட காணி உறுதிகளும் வயல்களும் அதற்குள் அடங்குகின்றன என்று ரோட்டில் கூடாரம் அடித்துக் குந்தியிருந்தோம். ஒருவரும் முன்னால் வந்து எங்களிடம் கேட்கவில்லை.

ஆகவே சுற்றாடல்காரர் என்றால் நமக்கு எதிரானவர் என்று ஒரு எண்ணம் பதிந்துவிட்டது. ஆனால் உண்மையில் அந்த வர்த்தமானியும் எண்ணெய் உரிமமும் ஒரே நோயின் இரண்டு காய்ச்சல். கொழும்பில் ஒரு வரைபடத்தில் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்குள் இருப்பவனுக்குக் கோடு போட்ட பிறகுதான் தெரியும். தரையில் அது பச்சைக் கோடு, கடலில் வேறு நிறம். அன்று காட்டுக்கோட்டுக்கு எதிராக ரோட்டில் குந்திய நாம், கடல்கோட்டுக்கு மட்டும் "அது அரசாங்கத்துக்குத் தெரிஞ்ச வேல" என்று விடுவது எந்த நியாயத்தில்?

உள்ளூர் மக்கள் என்றால் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. கருத்துக் கேட்பு அறிவித்தலைப் பிரதேச செயலகத்தில் ஒட்டுவார்கள். முசலிப் பிரதேச செயலகத்தில் ஒட்டினால், வீடு புத்தளத்திலும் வாக்கும் வலையும் முசலியிலும் உள்ளவன் அதைக் காண மாட்டான். கற்பிட்டியில் ஒட்டினால் மறுபக்கத்தான் காண மாட்டான். அதோடு பருவம். சோழகம் தொடங்கினால் நம்மட கரையிலிருந்து எத்தனை பேர் கிழக்கிலும் முல்லைத்தீவுப் பக்கமும் வாடி போட்டு இருக்கிறார்கள்? அந்த மாதங்களில் ஒரு 30 நாளைத் திறந்து மூடினால், சட்டப்படி கேட்டார்கள், உண்மையில் கேட்கவில்லை. நண்டு உடைக்கும், கருவாடு போடும் பெண்களை எந்தப் பட்டியலில் மீனவர் என்று எழுதியிருக்கிறார்கள்? கூட்டத்துக்கு வரச் சொல்லும் கடிதம் சங்கத் தலைவருக்கு வரும். சங்கத் தலைவர் ஆம்பிளை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் கொஞ்சம் இருக்கும். முன்பு வேறொரு திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தை நான் வாசித்தேன். தமிழ் எழுத்துத்தான், ஆனால் அதை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். கரையில் உள்ள ஒரு காக்காவுக்கு விளங்காத தமிழில் அறிவித்தால் அது அறிவித்தல் ஆகாது என்று நம்மட முதல் கடிதத்திலேயே எழுத வேண்டும்.

"நாம எழுதி என்ன ஆகப் போகுது சேர்?" என்று கேட்பவர்களுக்கு எப்பாவலையைச் சொல்கிறேன். அங்கே பொஸ்பேற் அகழ்வதற்கு ஒரு வெளிநாட்டுக் கம்பனியோடு பெரிய ஒப்பந்தம் தயாரானது. எப்பாவலை விவசாயிகளும் அந்தக் கிராமத்து விகாரையின் பிக்குவும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒப்பந்தத்தின் மூலம் சுற்றாடல் சட்டத்தின் நடைமுறையைச் சுற்றிக்கொண்டு போக முடியாது, முதலில் ஆய்வும் மதிப்பீடும் செய்யுங்கள் என்று 2000 ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. அவர்களும் நம்மைப் போல வயல்காரர்கள்தான்.

கணக்கு வைப்பதன் பெறுமதிக்கு இன்னொன்று. 2009 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் மொன்டாரா என்ற எண்ணெய்க் கிணறு வெடித்தது. பத்து வாரத்துக்கு மேல் எண்ணெய் கசிந்தது. மறுகரையில் இந்தோனேசியாவின் ரோட்டே, குபாங் பகுதிகளில் கடற்பாசி வளர்த்தவர்களின் பாசி அழிந்தது. எண்ணெய் அவ்வளவு தூரம் வந்து இந்தச் சேதத்தைச் செய்யவில்லை என்று கம்பனி வாதாடியது. 15,000 பேர் சார்பாக வழக்கு நடந்து, 2021 இல் தீர்ப்பு, 2022 இல் 192.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு இணக்கம். வென்றார்கள். ஆனால் 13 வருடம். அன்று பாசி வளர்த்தவனுடைய பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் முடித்து வெளியே போயிருக்கும்.

நம்மட நாட்டிலும் 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. நீர்கொழும்புக் கரையெல்லாம் பிளாஸ்ரிக் மணிகள். பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித்தும் சுற்றாடல் அமைப்பும் மீனவர்களும் வழக்குப் போட்டார்கள். 2025 யூலையில் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வேறு, காசு கைக்கு வருவது வேறு என்பதையும் அந்த வழக்கிலேயே பார்க்கலாம். நான் இங்கே சுட்டிக்காட்ட விரும்புவது, அந்த மாவட்டத்தில் சமயத் தலைமை முன்னுக்கு நின்றது என்பதை. நம்மட பள்ளிவாசல் நிர்வாகங்கள் கடல் விசயத்தில் எங்கே நிற்கின்றன? பிறை விசயத்தில் காட்டும் சுறுசுறுப்பில் பாதி இதில் இருந்தால் போதும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நம்மட கடலுக்கு உடனடிச் சேதம் செய்வது எண்ணெய்க் கம்பனி இல்லை. இழுவை ரோலரும் தடைசெய்த வலையும்தான். இரவில் தங்கூசி வலை போடுகிறவன் காலையில் எண்ணெய்க் கம்பனிக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டால், அதிகாரி முதலில் அதைத்தான் கேட்பார். அதற்கும் நமக்குள் ஒரு பதில் வேண்டும்.

என்ன செய்யலாம்? எந்தக் கட்டங்களை ஏலத்துக்கு விட உத்தேசம், ஏலத்துக்கு முன்னால் என்ன மதிப்பீடு நடந்தது என்று பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம். தமிழில் போடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளைக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மாதிரி விண்ணப்பம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், தேவையானவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள்.

அதை விட முக்கியமானது கணக்கு. ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கள். திகதி, எந்தப் பக்கம் போனது, எந்த வலை, எத்தனை கிலோ, என்ன மீன், என்ன விலை. இவ்வளவுதான். படிக்கத் தெரியாத வாப்பாமார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். என் வகுப்பில் ஏழு பிள்ளைகள் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். கணிதப் பாடத்துக்குச் சராசரி, வரைபு எல்லாம் அதிலிருந்தே எடுக்கிறோம். நாளைக்கு ஆய்வுக் கப்பல் வந்து போன பிறகு பிடிபாடு குறைந்தது என்று நாம் சொன்னால், முன்னுக்கு எவ்வளவு இருந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் அந்தக் கொப்பியில் மட்டும்தான் இருக்கும்.

அடுத்த பாடசாலை விடுமுறை தொடங்கும் முன் முசலியிலும் புத்தளத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருந்து பேசலாம் என்று நானும் இரண்டு மூன்று ஆசிரியர்களும் யோசிக்கிறோம். பெண்களுக்குத் தனியாக இடம் ஒழுங்கு செய்வோம். கூட்டத்தை நடத்தப் போவது எந்தக் கட்சியும் இல்லை. ஆகவே எம்.பிக்கு மாலை போடும் வேலை இருக்காது. எந்த நாள், எந்த நேரம் கடலுக்குப் போகிறவர்களுக்கு வசதி என்று கீழே எழுதுங்கள். ஆழ்கடல் போய் நாலைந்து நாள் தங்கி வருகிறவர்களின் வீட்டார் இதைக் கண்டால், அவர்கள் கரைக்கு வந்த பிறகு கேட்டுச் சொல்லுங்கள். அவர்கள் இல்லாத நாளில் வைக்க மாட்டோம்.